குதிரைக்குப் புல் போட்டது யார்?

(கலகெதரையில் நடந்த வாசகர் ஒன்றுகூடலில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மர்மக் கதை, அறிவியல் கதை, துப்பறியும் கதை என்று தொலைக்காட்சியில் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவர், "அது எப்படி முடியும்?" என்று கேட்கிறார். உடனே நாலு பேர் அவரை அதட்டுகிறார்கள். "கதைதானே, பேசாமல் பாருங்கள்." இன்று நான் அந்த ஒருவருக்காகப் பேச வந்திருக்கிறேன். அப்படிக் கேட்பவர்தான் கதையை எல்லோரையும் விட ஆழமாக நம்புகிறவர் என்பது என் கட்சி.

எங்கள் உம்மும்மாவிலிருந்து தொடங்குகிறேன். தொண்ணூறுகளின் பிற்பகுதி. எங்கள் வீட்டில் ஒரு டீவியும் ஒரு டெக்கும் இருந்தன. டிஷ் பூட்டும் வசதி அப்போது எங்களுக்கு இல்லை. கொழும்பில் இருந்த மாமா, சன் டீவியில் வந்த 'மர்மதேசம்' தொடரைக் கசெட்டில் பதிந்து, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புவார். இரண்டு மூன்று வாரத்துக் கதை ஒரே கசெட்டில் வரும். கசெட் வந்த செய்தி எங்கள் ஊரான மடிகே முழுக்கப் பரவிவிடும். இஷாத் தொழுகை முடிந்ததும் எங்கள் முன்னறையில் பாய் விரிப்போம்.

அந்த வரிசையில் 'விடாது கருப்பு' என்ற கதை. எழுதியவர் இந்திரா சௌந்தர்ராஜன். 2024 நவம்பரில் மறைந்துவிட்டார். இயக்கியவர் நாகா. ஊரில் யாராவது தப்புச் செய்தால், காவல் தெய்வமான கருப்புசாமி வெள்ளைக் குதிரையில் ஏறி வந்து தண்டிப்பதாக ஊர் நம்புகிறது. உண்மையிலேயே வருவது தெய்வமா, தெய்வத்தின் பெயரில் ஒரு மனிதனா? இதுதான் கதையின் முடிச்சு. குளம்புச் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டுச் சிறுசுகள் பாயைத் தலைக்கு மேல் இழுத்துக்கொள்ளும்.

இரண்டாவது கசெட்டோ மூன்றாவது கசெட்டோ, உம்மும்மா வெற்றிலையை மடித்தபடி கேட்டார்: "மகன், இந்தக் குதிரைக்கு யாரு புல்லுப் போடுற?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "சாமிட குதிரைன்டா புல்லு வேணாம். மனுசன் ஏறி வாற குதிரைன்டா சாணி எங்க? தண்ணி எங்க காட்டுற? இவ்வளவு சின்ன ஊருல வெள்ளைக் குதிரையொன்ட எங்க கட்டி வைக்கிற?"

இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று உங்களில் பலருக்குத் தெரியும். மடிகே என்ற பெயரே கண்டி அரசர் காலத்துப் பொதிமாட்டுப் போக்குவரத்துப் பிரிவின் பெயர். பாக்கையும் உப்பையும் சுமந்து கணவாய் ஏறி இறங்கிய மாடுகளையும் அவற்றை ஓட்டிய முஸ்லிம்களையும் கொண்ட பிரிவு அது. உம்மும்மாவின் வாப்பா காலம் வரை வீட்டில் வண்டி மாடு நின்றது. விடியுமுன் வைக்கோல் உதறிப் போட்டு, தொட்டியில் தண்ணீர் நிறைத்து, கொட்டில் கூட்டி வளர்ந்தவர் அவர். ஒரு மிருகத்தை ஒளித்து வைப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்குத் தெரியும். மோப்பமே காட்டிக் கொடுத்துவிடும்.

அந்தக் கேள்வியை நான் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். தெய்வமா மனிதனா என்ற முடிச்சை அவிழ்க்க அதை விடக் குறுக்கு வழி கிடையாது. புல் தின்றால் மனிதனுடைய குதிரை, தின்னாவிட்டால் சாமியுடைய குதிரை. கதைக்குள் இருக்கும் ஒரு நல்ல துப்பறிவாளர் முதலில் போய்ப் பார்க்க வேண்டிய இடம் மாட்டுக் கொட்டில்தான். எழுத்தாளர் போட்ட புதிரை அவ்வளவு மதித்ததால்தான் அந்தக் கேள்வி உம்மும்மாவுக்குத் தோன்றியது. கதையை அலட்சியமாகப் பார்க்கிறவருக்குக் குதிரையின் பசி நினைவுக்கு வராது.

அன்றிலிருந்து நான் கவனித்து வருகிறேன். பார்ப்பவர் ஒவ்வொருவரும் தன் கைத்தொழிலிலிருந்து கேள்வி கேட்கிறார். எங்கள் அயலில் ஒரு பஸ் டிரைவர் இருந்தார். கண்டி - குருநாகல் வீதியில் ஓடியவர். நம்முடைய வளைவுகளைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வில்லன் பிரேக் வயரை வெட்டிவிட்டான், கதாநாயகன் மலையிறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறான் என்ற காட்சி வந்தால் அவரால் உட்கார முடியாது. எழுந்து நின்று, "கியரக் குறைடா! ஹேண்ட் பிரேக்க மெதுவா இழு! உள்பக்கத்து மண்ணுல ஏத்து!" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போடுவார். அவருடைய பதற்றம் உண்மையான பதற்றம். அந்தக் காருக்குள் அவர் இருந்தார். மற்ற நாங்கள் வெளியே இருந்தோம்.

டிஸ்பென்சரியில் மருந்து கலந்த ஒருவர் இருந்தார். கைக்குட்டையில் குளோரோஃபோம் நனைத்து மூக்கில் வைத்த மறு நொடி ஆள் சாய்வதைக் கண்டால் அவர் தலையை ஆட்டுவார். குளோரோஃபோம் ஒரு நொடியில் வேலை செய்யும் பொருள் அல்ல. நிமிடக் கணக்கில் விடாமல் சுவாசிக்க வைக்க வேண்டும். அளவு தவறினால் மயக்கத்துக்குப் பதிலாக மரணம். இது அவருக்குத் தெரியும், கதை எழுதியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்த மயக்கத்தின் மேல்தான் கடத்தல் நடக்கிறது, கடத்தலின் மேல்தான் அடுத்த ஆறு வாரம் நிற்கிறது. அடிக்கல் ஆடுவதைப் பார்த்த மேசன் எப்படி அந்த வீட்டில் நிம்மதியாக உட்காருவார்?

ஹிட்ச்கொக் இதைப் பற்றிப் பேசியிருக்கிறார். படம் முடிந்து வீட்டுக்குப் போய், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சாப்பாட்டை எடுக்கும்போது, 'அதெப்படி?' என்று பார்வையாளருக்குத் தோன்றும் காட்சிகள் சில உண்டு என்றார். அதுவரை தோன்றாவிட்டால் போதும் என்பது அவருடைய எண்ணம். எங்கள் ஊரில் அது பீலிக்கரையில் தோன்றும். இரவு பார்த்த கதையைக் காலையில் குடம் நிறையும் வரை அலசுவார்கள். இங்கே நான் அந்த மேதையோடு கொஞ்சம் முரண்படுகிறேன். திரைப்படத்துக்கு அது சரி. இரண்டு மணி நேரத்தில் ஆளை வெளியே அனுப்பிவிடலாம். வாராவாரம் வரும் தொடருக்குச் சரிவராது. இந்த வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் இடையில் ஏழு பீலிக்கரைகள் இருக்கின்றன. தொடர் பார்ப்பவருக்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தையும் சேர்த்து எழுதுபவரே தொடர் எழுதத் தகுந்தவர்.

சரி, எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கதை எங்கே மிஞ்சும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு நான் கண்டி நகரத்துக்குள் போகிறேன்.

தலதா மாளிகைக்கு அருகே பத்தினி தேவாலயம் இருக்கிறது. எசல பெரஹெராவில் அந்தத் தேவாலயத்தின் ஊர்வலமும் ஆண்டுதோறும் வருகிறது. பத்தினி வேறு யாருமல்லர், நம் கண்ணகி. அவர் கதையை யோசித்துப் பாருங்கள். ஒரு பெண் தன் மார்பைத் திருகி எறிய, மதுரை மாநகரம் தீப்பற்றி எரிகிறது. இத்தனை நூற்றாண்டில் நம் ஊர்ப் பாட்டி ஒருவராவது, "அது எப்படி எரியும்?" என்று கேட்டதுண்டா? கேட்டதில்லை. ஆனால் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு. நீதி தவறாத பாண்டியன், பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லை மட்டும் வைத்து, விசாரிக்காமல் எப்படிக் கொலைக்கு ஆணையிட்டான்?

இளங்கோவடிகளுக்கே இந்தக் கேள்வி உறுத்தியிருக்கிறது என்பது என் துணிபு. அதனால்தான் மன்னன் அப்போது ஊடல் கொண்ட அரசியைச் சமாதானப்படுத்த விரைந்து போய்க்கொண்டிருந்தான் என்று காட்டுகிறார். அவசரத்துக்கு ஒரு காரணம் வைக்கிறார். ஊழைச் சொல்கிறார். அதுவும் போதாதென்று பின்னால் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தை வரவழைத்து, முற்பிறவியில் நடந்த சங்கமன் கொலையைச் சொல்ல வைக்கிறார். உரை சொன்னவர்களும் சும்மா இருக்கவில்லை. கொல்வதற்காகக் கொண்டு வருக என்று சொல்ல நினைத்த மன்னனின் வாய் தவறி, கொன்று கொண்டு வருக என்று வந்துவிட்டதாக ஒரு விளக்கம் உண்டு. ஒரு சொல்லின் ஈற்றைப் பிடித்துக் கதையின் ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கிறார்கள்! நெருப்புக்கு விளக்கம் தேட யாரும் மெனக்கெடவில்லை. மன்னனின் அவசரத்துக்குத்தான் இவ்வளவு பாடு.

ஏன் அப்படி? பத்தினியின் சீற்றம் எரிக்கும் என்பது அந்தக் கதை தன் உலகத்துக்கு விதித்த விதி. பாண்டியன் நீதிமான் என்பதும் அதே கதை விதித்த விதி. முதலாவது காப்பாற்றப்படுகிறது. இரண்டாவது மீறப்படுகிறது. மீறிய இடத்தில்தான் கேள்வி எழுகிறது. தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைச் சொன்னார். இரண்டும் கலந்த இடத்தில் இலக்கியம் நடக்கிறது. பார்ப்பவர் நாடக வழக்கைக் கையெடுத்து வாங்கிக்கொள்வார். உலகியலை எந்த இடத்தில் காட்டினீர்களோ, அந்த இடத்தில் கணக்குக் கேட்பார்.

அமெரிக்கத் தொடர் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். 2017இல் வந்த ஏழாவது பருவத்தில் ஒரு கட்டம். பனி நிலத்தில் வீரர்கள் சூழப்பட்டுவிட்டார்கள். ஒருவன் ஓடிப்போய்ச் சொல்லி, அண்டங்காக்கை ஒன்று செய்தி கொண்டு பறந்து, தெற்கே வெகு தூரத்தில் இருக்கும் அரசி டிராகன்களோடு வந்து மீட்கிறாள். உலகம் முழுவதும் பார்த்தவர்கள் கோபப்பட்டார்கள். டிராகன் மேல் யாருக்கும் கோபம் இல்லை. அந்தக் காக்கை எவ்வளவு வேகத்தில் பறந்தது என்பதுதான் சண்டை. முதல் பருவங்களில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போக வாரங்கள் ஆயின. தூரம் என்பது அந்தக் கதையின் எலும்பு. அவசரத்தில் எலும்பை முறித்துவிட்டார்கள். 2019இல் கடைசிப் பருவத்தை மறுபடி எடுக்கச் சொல்லிப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒரு மனுவில் ஒப்பமிட்டார்கள். சிலருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றியது. எனக்கு அதில் எட்டு வருட அன்பு தெரிந்தது.

இனி அறிவியல் கதை. நம் நாட்டில் இதைப் பேசினால் ஆர்தர் சி. கிளார்க்கைத் தாண்டிப் போக முடியாது. 1956இல் இலங்கைக்கு வந்தவர், 2008இல் கொழும்பில் காலமாகும் வரை இங்கேயே வாழ்ந்தார். உங்கள் கூரையில் இருக்கும் டிஷ், வானத்தில் அசையாமல் நிற்பது போலத் தோன்றும் ஒரு செய்மதியைப் பார்த்தபடி இருக்கிறதல்லவா? மத்திய கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில், பூமி சுற்றும் அதே வேகத்தில் அது சுற்றுகிறது. அப்படி வைத்தால் உலகத் தொடர்புக்குப் பயன்படும் என்று 1945இல் விளக்கி எழுதியவர் அவர். அங்கே ஏறி இங்கே இறங்க ஒளிவேகத்திலும் கால் செக்கன் பிடிக்கும். சென்னையில் அழும் கதாநாயகியின் கண்ணீர் கலகெதரைக்குக் கால் செக்கன் பிந்தித்தான் வருகிறது.

அவருடைய ஒரு நாவல் 1979இல் வந்தது. பூமியிலிருந்து அந்த 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு மின்தூக்கி கட்டும் கதை. களம் தப்ரபேன் என்ற தீவு. பெயர் பழையது, ஊர் நம்முடையது. சிகிரியா வேறு பெயரில் வருகிறது. சிவனொளிபாதமலையும் வருகிறது. இங்கே ஒரு சிக்கல். அந்த மின்தூக்கியின் அடி மத்திய கோட்டில் நிற்க வேண்டும். நம் கண்டிப் பக்கமோ வடக்கே ஏழு பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஒரு பாகை 111 கிலோமீற்றர். ஏழே கால் பாகையைப் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 800 கிலோமீற்றர் வரும்.

கிளார்க் என்ன செய்தார்? தீவைத் தூக்கி 800 கிலோமீற்றர் தெற்கே வைத்துவிட்டார். மலையின் உயரத்தையும் இரண்டு மடங்காக்கினார். செய்துவிட்டு ஒளிக்கவில்லை. தீவை நகர்த்தினேன், மலையை உயர்த்தினேன் என்று நூலிலேயே வெளிப்படையாக எழுதி வைத்தார். வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த காலத்தில் இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பேன். கரும்பலகையில் 800 என்ற விடை வரும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாட்டையே நகர்த்தியவர் மேல் ஒரு பிள்ளைக்கும் கோபம் வந்ததில்லை. சொல்லிவிட்டுச் செய்த மாற்றம் அது. கணக்கும் சரியாக இருந்தது.

நம் தமிழ்த் தொடர்களிலும் இதே நேர்மை ஒன்று உண்டு. ஒரு நடிகர் விலகிவிட்டால் அடுத்த நாள் திரையில் எழுத்துப் போடுவார்கள்: 'இவருக்குப் பதில் இவர்.' நேற்று வரை ஒரு முகம், இன்று வேறு முகம். அதே மனைவி, அதே பிள்ளை, அதே வீடு. இதை விடப் பெரிய ஓட்டை ஒரு கதையில் இருக்க முடியுமா? எங்கள் வீட்டில் ஒரு நிமிடம் முணுமுணுப்பார்கள். பிறகு ஏற்றுக்கொள்வார்கள். கேட்டுக்கொண்டார்கள், நாமும் சரி என்றோம் என்ற மாதிரி. ஆனால் மூன்று மாதத்துக்கு முன் தன் கண்ணால் கொலையைப் பார்த்த வேலைக்காரப் பெண்ணை எழுத்தாளர் மறந்துபோய்விட்டால் மன்னிக்க மாட்டார்கள். "அவளைக் கேட்டாலே முடிஞ்சுதே, அவ எங்க?" என்று வாரக் கணக்கில் கேட்பார்கள். முகம் மாறியதை ஒப்புக்கொள்கிறவர்கள் ஆள் மறந்துபோனதை ஒப்புக்கொள்வதில்லை. எங்களுக்கு நினைவிருக்காது என்று நினைத்தார்களே என்பதுதான் அந்த வலி. தினத் தொடர் எழுதுவோர் மேல் எனக்கு இரக்கமும் உண்டு. இன்று எழுதி, நாளை எடுத்து, மறுநாள் ஒளிபரப்புகிறவர்கள் அவர்கள். முன்னூறாவது அத்தியாயத்தில் இருபதாவது அத்தியாயத்தை யார் திரும்பிப் பார்ப்பது? இருந்தாலும் பார்ப்பவர் வீட்டில் அது நினைவிருக்கிறது. அந்த நினைவுக்கு ஒரு மரியாதை வேண்டும்.

சுஜாதாவைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிளார்க் மறைந்ததற்குச் சரியாக மூன்று வாரம் முன்பு, 2008 பெப்ரவரி 27இல் அவரும் போய்விட்டார். 'என் இனிய இயந்திரா' தூரதர்ஷனில் தொடராகவும் வந்தது. நான் புத்தகமாகத்தான் படித்தேன். ஜீனோ என்ற இயந்திர நாய் புத்தகம் படிக்கும், தர்க்கம் செய்யும். நாட்டை ஆளும் ஜீவா, கடைசியில் பார்த்தால், வெறும் ஒளியால் ஆன உருவம். அதற்கு முன்பே 'கொலையுதிர் காலம்' கதையிலும் பேய்க்கு விளக்கமாக ஹோலோகிராம் வந்திருந்தது. உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எனக்குக் கோபம். ஒளி எதிலாவது பட்டுத் தெறித்தால்தானே கண்ணுக்குத் தெரியும்? வெற்று வெளியில், திரையோ புகையோ இல்லாமல் ஓர் ஆள் எப்படி நிற்பான்? புத்தக ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன்.

இப்போது அந்தப் பென்சில் குறிப்பைப் பார்க்கும்போது, கேள்வி சரி, கோபம் தேவையற்றது என்று படுகிறது. 'கொலையுதிர் காலம்' கதையில் துப்பறியும் கணேஷ் பேயை விஞ்ஞானத்தால் விளக்குகிறான், அவனுடைய உதவியாளன் வசந்துக்கு அது முழுதாகச் செரிக்கவில்லை. என் வாயில் இருந்த ஆட்சேபத்தைச் சுஜாதா கதைக்குள்ளேயே ஓர் ஆளிடம் கொடுத்து வைத்திருந்தார். கேட்பவருக்கும் கதையில் ஓர் ஆசனம் போட்டுவிட்டார். எழுத்தாளர் நம்மோடு சேர்ந்து சந்தேகப்படும்போது, நாம் அவரை விட்டு விலகுவதில்லை.

இதையெல்லாம் பழைய ஆட்களின் பழக்கம் என்று எண்ண வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் கட். அந்த நாட்களில் என் மருமகள், உயர்தரப் பிள்ளை, 'டார்க்' என்ற ஜேர்மன் தொடரைத் தன் போனில் இறக்கி வைத்துப் பார்த்தாள். மூன்று பருவம், இருபத்தாறு அத்தியாயம். ஒரு சிற்றூர், நான்கு குடும்பம், முப்பத்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை முடிச்சுப் போடும் காலம். 1953, 1986, 2019. போனில் சார்ஜ் தீர்ந்தால் அடுத்த அத்தியாயம் இல்லை. அப்போது மெழுகுதிரி வெளிச்சத்தில் ஒரு சீ.ஆர். கொப்பியை விரித்து, யார் யாருக்குப் பிள்ளை என்று கோடு போடுவாள். ஒருத்தியின் மகள், அதே ஒருத்திக்குத் தாயாகவும் வருகிறாள். கோடு வட்டமாகப் போய் ஆரம்பித்த இடத்திலேயே முட்டியது. மூன்று முறை அழித்து அழித்துப் போட்டாள். கடைசியில், "சரிதான் மாமா, பிழை இல்ல!" என்று கொப்பியை என்னிடம் நீட்டினாள். இயற்கையில் நடக்கவே முடியாத ஒன்று. அவளுக்கு அது சரியாக இருந்தது, ஏனென்றால் கதை சொன்ன விதியை வைத்து அவளே பரிசோதித்துவிட்டாள். அந்த இருட்டில் அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியைப் பரீட்சையில் நல்ல பெறுபேறு வந்த அன்றுகூட நான் காணவில்லை.

நேரம் ஆகிவிட்டது. உம்மும்மாவின் குதிரைக்கு வருகிறேன்.

மாமா அனுப்பிய கசெட்டுகளில் நடுவே ஒன்று வந்து சேரவேயில்லை. யாரிடம் கொடுத்தனுப்பினாரோ அவர் பஸ்ஸில் விட்டுவிட்டார். சில வாரத்துக் கதை எங்களுக்குக் கிடையாது. ஊர் முழுக்க ஊகித்து அந்த இடத்தை நிரப்பிக்கொண்டோம். கடைசிக் கசெட் வந்தது. கொட்டில் நிரம்பிய மாதிரி முன்னறை நிரம்பியது. கருப்பு தெய்வமல்ல, மனம் பிளந்த ஒரு மனிதனின் கை என்று விடை வந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தது டீவியை அல்ல, உம்மும்மாவைத்தான்.

அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். "மனுசன்டா... அப்ப புல்லு?" என்றார்.

நான் சொன்னேன்: "தொலஞ்சு போன கசெட்டுல போட்டிருப்பாங்க உம்மும்மா."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். வாசலுக்கு வெளியே, ஒரு காலத்தில் வண்டி மாடு கட்டியிருந்த பக்கம் பார்த்தார். "அப்பிடித்தான் இருக்கும். இவ்வளவு யோசிச்சவன் அதையும் யோசிச்சிருப்பான்" என்றார். பிறகு, மாமா அடுத்த கதையைப் பதியத் தொடங்கிவிட்டாரா என்று கேட்டு எழுதச் சொன்னார்.